எட்ட நின்ற பிள்ளை

பகவதி எந்த நோயில் போனாள் என்று யாராவது கேட்டால் "உடம்புக்கு முடியாமல்தான்" என்று சொல்லி இப்போதெல்லாம் நகர்ந்துவிடுகிறேன். ஆரம்பத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். சதையில் வருகிற ஒரு நோய், அது நுரையீரலுக்கும் போய்விட்டது என்பேன். "சதைக்கும் நுரையீரலுக்கும் என்னவே சம்பந்தம்?" என்று நடு பஜாரில் நிறுத்திக் கேட்பார்கள். எனக்கு என்ன தெரியும்? தேவஸ்தான ஆபீஸில் அபிஷேகச் சீட்டு எழுதுகிற குமாஸ்தா நான். மதுரை டாக்டருக்கே பாதிதான் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரே சங்கதியை ஐம்பது பேருக்குச் சொன்னால் எவனுக்கும் வாய் ஓய்ந்துபோகும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடியில் ஆரம்பித்தது. எங்கள் மகள் ஆவுடைக்கு அப்போது இரண்டரை வயது. அதற்கு முந்தின சித்திரையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, கண் மேலே செருகிவிட்டது. பிழைத்தால் ஆடித்தபசுக்கு நூற்றியெட்டுச் சுற்று சுற்றுகிறேன் என்று பகவதி கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. கொடியேறிய மறுநாள் ஈரச் சேலையோடு பிராகாரத்தில் இறங்கினாள்.

சங்கரன்கோவிலில் தபசுக்குக் கொடியேறிவிட்டால் விடியுமுன்னேயே ஜனம் சுற்ற ஆரம்பித்துவிடும். கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தபசு இருக்கிறாள், சுற்றுகிறவர்களின் கால்வலியை எல்லாம் அவள் வாங்கிக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை. ஆகவே ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை கால் முடியவில்லை என்று சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாதி ஊர் நொண்டிக்கொண்டுதான் இருக்கும்.

முதல் நாள் ஐம்பது சுற்றினாள். இரண்டாம் நாள் நாற்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததாக ஆபீஸில் யாரோ சொன்னார்கள். மூன்றாம் நாள் நானே கூடப் போனேன். பாக்கி இருந்த பதினெட்டில் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கால் தூக்க வரலைங்க" என்றாள்.

"வலிக்கத்தான் செய்யும். அம்பாள் வாங்கிக்கிடுவா, எந்திரி."

"வலிக்கலை. வரலை."

வலிக்கவில்லை, வரவில்லை என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நோயே என்று இரண்டு வருஷம் கழித்து மதுரையில் சொன்னார்கள். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பதினெட்டுச் சுற்றையும் இழுத்துக்கொண்டே சுற்ற வைத்தேன். முடித்துவிட்டு, நேர்ந்தது நிறைவேறிவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. சுற்றினதால் வந்த நோய் இல்லை, அதற்கு முன்பே வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்புகிறேன். நம்பினாலும் மனசு ஆறவில்லை.

ஆடி போய் ஆவணி வந்து, புரட்டாசியும் வந்தது. ஊரில் எல்லார் காலும் சரியாகிவிட்டது, பகவதிக்கு மட்டும் ஆகவில்லை. ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். குடத்தை இடுப்புக்கு ஏற்ற முடியவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் கை விழுந்துவிடும். தபசுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த என் அக்கா நெல்லையம்மாள் வாய்த்துடுக்குக்காரி. "மகாராணிக்கு எந்திரிக்கக் கைத்தாங்கல் வேணுமோ? ஏட்டி, ஒரு பல்லக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்பாள். பகவதியும் சிரிப்பாள். "நாலு ஆளுக்கும் சோறு நீங்கதான் போடணும் மதினி" என்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு கண் இமை கத்திரிப்பூ நிறத்தில் வீங்கியது. விரல் முட்டிகளில் சிவந்து செதில் எழும்பியது. விரல் நுனிகள் சுண்ணாம்பு பட்ட மாதிரி வெடித்தன. தோலில் எது வந்தாலும் எங்கள் ஊரில் ஒரே மருந்து, கோயில் புற்றுமண். வெளியூர்க்காரர்கள் ஒரு சிட்டிகைக்குக் காத்துக் கிடக்கிற மண் எனக்கு ஆபீஸ் மேஜைக்கே வரும். தினம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன். குழைத்து நானே அவள் இமைக்கும் முட்டிக்கும் பூசினேன். அந்த நாலு மாதமும் என் பெண்டாட்டியை நான் ரொம்ப அக்கறையாகக் கவனிக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

மார்கழிப் பனியில் இருமல் வந்தது. சளியே இல்லாத வறட்டு இருமல். அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. உடம்பு பாதியாகிவிட்டது. டாக்டர் சௌந்தரபாண்டியன் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அடியில நிழல் விழுந்திருக்கு, கைலாசம். டி.பி.ன்னுதான் எடுத்துக்கிடணும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல சின்னப்பிள்ளை இருக்குல்லா? கிட்ட விடாதிய" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? ஊரில் பத்துப் பேர் இருமினால் எட்டுப் பேருக்கு அதுதான். இருமலும் இளைப்பும் எக்ஸ்ரேயில் நிழலும் இருந்தால் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார்.

பின்கட்டு அறையைப் பகவதிக்கு ஒதுக்கினோம். பாய், தட்டு, போர்வை எல்லாம் தனி. ஆவுடைக்கு மூன்று வயது. அதற்கு டி.பி.யைப் பற்றி என்ன தெரியும்? நாங்கள் அசந்த நேரம் ஓடிப்போய் அம்மா போர்வைக்குள் புகுந்துவிடும். மூன்றாம் தடவை அப்படிப் புகுந்தபோது நான் இழுத்து வெளியே போட்டு அடித்தேன். பயத்தில்தான் அடித்தேன். ஆனால் அடித்த கைக்குப் பயமென்றும் கோபமென்றும் வித்தியாசம் ஏது? பிள்ளை முதுகில் நாலு விரலும் பதிந்திருந்தது. பகவதி அதைப் பார்த்துவிட்டாள்.

"மதினிகூட அனுப்பிருங்க. இங்கன இருந்தா உங்க கையாலேயோ என் நோயாலேயோ அது செத்துரும்" என்றாள்.

அப்படித்தான் ஆவுடை அக்கா ஊரான மேலநீலிதநல்லூருக்குப் போனது. அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, அத்தான் பருத்திக் காட்டோடு கிடக்கிற மனுஷர். பிள்ளைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ்ஸில் கூட்டிவருவாள். கிணற்றடியில் நிறுத்திக் காட்டுவாள். பகவதி அறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பாள்.

முதல் நாலைந்து தடவை பிள்ளை ஓடிவரப் பார்த்தது. பகவதி "எட்ட நில்லு மக்கா, எட்ட நில்லு" என்பாள். தடுக்கிறதற்குக் கையைத் தூக்க முடியாது, அதனால் கத்துவாள். கத்தினால் இருமல் பிடித்துக்கொள்ளும். முகம் கறுத்து, கண் பிதுங்கி, இரண்டாக மடிந்து இருமுவாள். பிள்ளை மிரண்டு அக்கா சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். அந்தப் பாடத்தைப் பிள்ளை சீக்கிரமே படித்துவிட்டது. ஆனி மாதத்துக்குப் பிறகு அது ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. "அம்மாவைப் பாத்தாச்சு, போவமா அத்தை?" என்று கேட்கும்.

"கெட்டிக்காரப் பிள்ளை. சொன்னதைக் கேட்டுக்கிடுது" என்பாள் பகவதி. பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை மாதக் கணக்கில் போட்டோம். ஊசிக்கு ஊசி அவள் இளைத்தாள். காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இரைகிறது என்றாள். அப்புறம் பாதிக் காது கேட்காமலே போயிற்று. நான் காலையில் ஊசி போடக் கூட்டிப்போய், ஆபீஸ் போய், வந்து கஞ்சி வைத்து, அவளுக்குத் தலை வாரி, துணி துவைத்துப் படுப்பேன். வாரத் தெரியாமல் சிக்கு விழுந்து, கடைசியில் முடியைக் கத்தரித்துவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. ஒளிப்பானேன்? இது எப்படியாவது முடிந்தால் தேவலை என்று ஒரு நாள் இல்லை, பல நாள் நினைத்திருக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் வைகாசியில் டாக்டர் சௌந்தரபாண்டியன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் ரொம்பக் களைத்துத் தெரிந்தார்.

"வந்த கொஞ்சநஞ்சச் சளியை நாலு தடவை பாத்தாச்சுவே. ஒரு தடவைகூடக் கிருமி இல்லை. காய்ச்சலும் கிடையாது. இப்பம் சோறு முழுங்கவும் கஷ்டப்படுதா. எனக்குப் பிடிபடலை. ஒளிக்காமச் சொல்லுதேன், மதுரைக்குக் கொண்டுபோயிரும்" என்றார்.

ரயிலில் மதுரைக்குப் போனோம். பெரியாஸ்பத்திரியில் ஒரு வயசான டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சில் குழலை வைக்கவே இல்லை. அவள் கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி, விரல் முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இமையைப் பார்த்தார். "கையைத் தலைக்கு மேலே தூக்கும்மா" என்றார். தூக்க முடியவில்லை. "கையூன்றாமல் எழுந்திரும்மா" என்றார். எழ முடியவில்லை. "வலிக்கிறதா, வரமாட்டேன் என்கிறதா?" என்று கேட்டார்.

"வரலை" என்றாள் பகவதி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோளில் கடுகளவு சதை வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிறகு அந்த டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் காதில் விழும்படி உரக்கச் சொன்னார். இது டி.பி. இல்லை. உடம்பே தன் சதையைப் பகையாக நினைத்துத் தின்கிற நோய். லட்சத்தில் ஒருத்தருக்கு வரும். ஏன் வருகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அது நுரையீரலையும் பிடித்து இறுக்கும் என்று மேல்நாட்டு டாக்டர்களே இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

பகவதி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கேட்க நினைத்தது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா. இது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குப் போகவே போகாது."

"முன்னேயும் ஒட்டாதா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "எப்பவுமே ஒட்டாது" என்று அவர் சொன்னதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்ட நில்லு, எட்ட நில்லு என்று தன் வாயாலேயே துரத்தியிருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

வராந்தாவில் டாக்டர் என்னிடம் மிச்சத்தைச் சொன்னார். புது மாத்திரை ஒன்று இருக்கிறது, சதை கொஞ்சம் தேறும். நுரையீரலில் காய்ந்த இடம் காய்ந்ததுதான். "நெஞ்சுக்குப் பாரம் கூடாது. மூச்சு இரைக்கிற எதையும் செய்ய விடாதீர்கள். அமைதியாக வைத்திருந்தால் கொஞ்ச நாள் கூடும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். விரலை விட்டு மாதங்களை எண்ணப் பார்த்து, பாதியில் கையை இறக்கிவிட்டார்.

அந்த மாத்திரையைக் கொடுத்து இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தார்கள். ஆவணி முதல் வாரம் ஊர் திரும்பினோம். மறுநாளே அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் எழுதின கார்டை வழியெல்லாம் படித்து அழுதிருக்கிறாள், கண் வீங்கியிருந்தது. பகவதியை முன்கூடத்துக்கு மாற்றி, கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தேன்.

"போ மக்கா. அம்மாகிட்டப் போ. நாங்க சொன்னதெல்லாம் தப்பு. இனிமே போலாம்" என்றாள் அக்கா.

ஆவுடை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலரை வயதுப் பிள்ளை. எதிரே கட்டிலில் இருந்தவள் அதற்குத் தெரிந்த அம்மாவும் இல்லை. மாத்திரையால் முகம் பந்தாக ஊதியிருந்தது, தலையில் முடி இல்லை. அக்கா தாங்கமாட்டாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். பிள்ளை வீறிட்டது. கால்களை உதைத்து அக்கா கழுத்தைக் கீறி, இறங்கி, வாசலைத் தாண்டித் தெருவுக்கே ஓடிவிட்டது.

"தூக்கிட்டு வராதிய மதினி. வரும்போது வரட்டும்" என்றாள் பகவதி.

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். எனக்கு யார்மேல் என்று தெரியாத கோபம். டாக்டர்மேலா, ஊர்மேலா, பிள்ளை முதுகில் பதிந்த என் நாலு விரல்மேலா? வரும்போது வரட்டும் என்கிறாளே, இவளிடம் என்ன காலமா கொட்டிக் கிடக்கிறது?

ஐந்து நாள் போயிற்று. கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். பிள்ளை மிட்டாயைப் பார்த்தது, வரவில்லை. ஆனால் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூணுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்க்கும். பகவதி திரும்பிப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். அதனால் பகவதி திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். உத்தரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். காற்றே இல்லை. பகவதி பனை விசிறியை மடியில் வைத்து லேசாக அசைத்துக்கொண்டிருந்தாள். விசிறி நழுவிக் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. குனிய முடியாது என்பதால் கையைத் தொங்கவிட்டுத் துழாவினாள். நான் எழப்போனேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஆவுடை வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை ஊர்ந்து போய் விசிறியை எடுத்தது. கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனது. அம்மாவின் வேர்த்த கழுத்தைப் பார்த்தது.

"வேர்க்கா?"

"வேர்க்கு மக்கா."

பிள்ளை திரும்ப வந்து விசிறியை எடுத்து இரண்டு கையாலும் வீசியது. காற்று அம்மாமேல் படவில்லை, அதன் மூக்கிலேயே அடித்தது. கை வலித்ததும் கட்டிலில் தொற்றி ஏறி உட்கார்ந்தது.

"இருமுவியா?" என்று கேட்டது.

பகவதி உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கிப் பிள்ளையை நேராகப் பார்த்தாள். "இருமுவேன். நான் இருமினாலும் நீ இங்கன இருக்கலாம்" என்றாள்.

பிள்ளை யோசித்தது. பிறகு விசிறியைப் போட்டுவிட்டு அவள் நெஞ்சின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டது. பால்குடிப் பிள்ளையாக இருக்கும்போது படுக்கிற மாதிரியே முகத்தை ஒரு பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கிப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது.

அத்தைவீட்டுச் சோற்றில் வளர்ந்த நல்ல கனமான பிள்ளை. பகவதியின் மூச்சு குட்டை குட்டையாக வந்தது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்தது. நெற்றியில் வேர்வை ஓடியது. நான் எழுந்து கட்டிலருகில் போய்ப் பிள்ளையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"வேண்டாம்" என்றாள்.

"மூச்சு முட்டுதுட்டி."

"முட்டட்டும்."

அடுப்படியிலிருந்து வந்த அக்கா இதைப் பார்த்துவிட்டாள். "ஏலே கைலாசம், அவ உதடு நீலமாகுது பாரு. பிள்ளையை எடுலே" என்று பதறினாள்.

ஒன்றரை வருஷம் இந்தப் பிள்ளையை இவளிடமிருந்து பிரித்து வைத்தேன். அதற்குக் காரணமே இல்லை. இப்போது காரணம் இருக்கிறது, டாக்டரே சொல்லியிருக்கிறார். பகவதி என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள்.

"எடுக்கமாட்டேன்க்கா" என்றேன்.

பக்கவாட்டில் கிடந்த அவளுடைய கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிள்ளையின் முதுகில் வைத்தேன். அவை அங்கேயே நின்றன. விசிறியை எடுத்து, நான் வீச ஆரம்பித்தேன். பிள்ளை ஒரு மணி நேரம் தூங்கியது. பகவதி ஒரு தடவைகூட இருமவில்லை. எப்படி அடக்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.